திரியேறும் எண்ணெயும் மூலக்கூற்றுக் கவர்ச்சியும்



மாலைப்பொழுதில் விளக்கேற்றுகின்றோம். அகலிலே எண்ணெய் அடியிற் கிடக்கின்றது. சுடரோ திரியின் நுனியில் நின்று எரிகின்றது. கீழே கிடக்கும் எண்ணெய் மேலே நிற்கும் சுடருக்கு எங்ஙனம் வந்து சேர்கின்றது? அதனைத் தூக்கிக் கொடுப்பார் ஒருவருமில்லை. பூமியோ எப்பொருளையும் கீழ்நோக்கியே இழுக்கின்றது. அவ்விழுப்புக்கு எதிராக, எண்ணெய் உள்ளவரையும் அது திரியில் ஏறிக்கொண்டே இருக்கின்றது. நாள்தோறும் காண்பதனால் நாம் இதனை வியப்பதில்லை. ஆயினும், இச்சிறு வினாவுக்கு முழுவிடை காண ஐரோப்பிய அறிஞர்க்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன. அவ்விடை வந்த வரலாற்றையே இன்று தங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

இயற்கையிலே அடிப்படை விசைகள் நான்கு என இக்காலப் பௌதிக நூலார் வகுப்பர். பொருள்கள் யாவும் ஒன்றையொன்று இழுக்கும் ஈர்ப்பு விசை ஒன்று. மின்னும் காந்தமும் ஒன்றாய் அமைந்த மின்காந்த விசை மற்றொன்று. அணுவின் கருவைக் கட்டி வைக்கும் வன்விசை மூன்றாவது. சில அணுக்கருக்கள் சிதைந்து வேறாக மாறுவதற்குக் காரணமான மென்விசை நான்காவது. அங்ஙனமாயின், எண்ணெயின் துகளைத் திரியின் இழை பற்றி இழுக்கும் விசை இந்நான்கினுள் எது? அன்றி, இவற்றின் வேறான ஐந்தாவதொரு விசையோ? இவ்வினாவைத் தொடக்க கால அறிஞர் இவ்வாறு தெளிவாகக் கேட்கவும் இயலாது. ஏனெனில் அவர்கள் அறிந்திருந்த பெருவிசை ஈர்ப்பு ஒன்றே.

1687ஆம் ஆண்டிலே நியூற்றன் தம் பெருநூலை வெளியிட்டு, ஆப்பிள் விழுவதும் சந்திரன் சுற்றுவதும் ஒரே விதியின்பாற் பட்டவை என்று நிறுவினார். அதன் பின்னர் இலண்டன் றோயல் கழகத்தில் பரிசோதனைகள் செய்து காட்டி வந்தவர் பிரான்சிஸ் ஹோக்ஸ்பி என்பார். மயிரிழை போன்ற நுண்துளையுடைய கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால் நீர் குழாயினுள் தானே உயரும். அதனைத் தள்ளி உயர்த்துவது காற்றின் அமுக்கமே எனப் பலர் கருதினர். ஹோக்ஸ்பி காற்றை அகற்றிய கலத்தினுள்ளே அதே சோதனையைச் செய்தார். காற்றில்லா இடத்திலும் நீர் ஏறிற்று. மேலும், குழாயின் சுவர் தடித்ததாயினும் மெல்லியதாயினும் நீர் ஏறும் உயரம் மாறவில்லை என்பதையும் அவர் கண்டார். இதன் பொருள் யாது? கண்ணாடி நீரைக் கவர்கின்றது. ஆயின் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய படலம் மாத்திரமே கவர்கின்றது. அதற்கு அப்பாலுள்ள கண்ணாடி அதிற் பங்குகொள்வதில்லை. ஆகவே, இக்கவர்ச்சி மிகக் குறுகிய தூரத்திலேயே செயற்படுவது. 1718இல் ஜேம்ஸ் யூரின் என்பார் துளையின் அகலம் பாதியாயின் நீரின் உயரம் இரட்டிக்கும் என்ற விதியையும் கண்டார். திரியின் இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய வெளிகளும் இத்தகைய குழாய்களே.

நியூற்றன் இச்சோதனைகளை நன்கறிந்தவர். தமது ஒளியியல் நூலின் இறுதியிலே வினாக்களாக அமைத்த பகுதியில், பொருளின் சிறு துகள்கள் தொலைவிலிருந்தே ஒன்றையொன்று கவரும் ஆற்றல் உடையனவாகலாம் என்றும், அவ்வாற்றல்களைத் தேடிக் காண்பது பரிசோதனை நூலாரின் கடமை என்றும் அவர் குறித்துச் சென்றார். விடையை அவர் சொல்லவில்லை, வழியைக் காட்டினார்.

பின்வந்தோர் முதலிற் செய்தது இயல்பான ஒரு தவறு. கையில் ஈர்ப்பு என்ற ஒரே சாவி இருந்தமையால் எல்லாப் பூட்டுகளையும் அதனாலேயே திறக்க முயன்றனர். பிரெஞ்சுக் கணித அறிஞர் கிளெரோ 1747இல், நியூற்றனின் ஈர்ப்பு விதி முழுமையன்று, அதனோடு குறுகிய தூரத்தில் வலிமை பெறும் இன்னோர் உறுப்பையும் சேர்த்தல் வேண்டும் என்று பாரிசு அறிஞர் கழகத்தில் அறிவித்தார். சந்திரனின் பாதையிலே கணக்குக்கு ஒவ்வாது நின்ற ஒரு பிழையைத் தீர்ப்பதே அவர் நோக்கம். துகள்களின் கவர்ச்சியையும் அதே உறுப்பு விளக்கக்கூடும் என அவர் எண்ணினார். ஆயின் தம் கணக்கை மேலும் நுட்பமாக ஆராய்ந்தபொழுது, பிழை நியூற்றனிடத்தில் இல்லை, தம்மிடத்திலேயே என்பதைக் கண்டார். 1749இல் தம் கருத்தைத் தாமே வெளிப்படையாக மீட்டுக்கொண்டார். சான்றோர்க்கு உரிய செயல் அது. ஈர்ப்பு விதி காப்பாற்றப்பட்டது. எண்ணெய் திரியில் ஏறுவதன் காரணமோ மறுபடியும் இருளிலேயே நின்றது.

உண்மையில் ஈர்ப்பினால் இக்காரியம் ஆகாது. ஐதரசன் அணுவில் இலத்திரனையும் புரோத்தனையும் பிணைக்கும் மின்விசை, அவற்றிடையே உள்ள ஈர்ப்பு விசையினும் எத்துணைப் பெரிது என்று கணக்கிட்டால், 1 என்ற எண்ணின் பின்னே 39 பூச்சியங்கள் இட்டு வரும் எண்ணையும் அது கடந்து நிற்கின்றது. பூமியைப் போன்ற பேருருவங்களிலேதான் ஈர்ப்பு தன் பெருமையைக் காட்டும். இரு மூலக்கூறுகளிடையே அது இல்லையென்றே சொல்லலாம்.

1805ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இங்கிலாந்தில் தோமஸ் யங் என்பாரும் பிரான்சில் லாப்பிளாசு என்பாரும் புதியதொரு வழியிற் சென்றனர். இக்கவர்ச்சி யாது, எதனால் வருகின்றது என்று அவர்கள் கேட்கவில்லை. மிகக் குறுகிய தூரத்தில் வலிதாயிருந்து, தூரம் சற்றே கூடியதும் மறைந்துபோகும் ஒரு கவர்ச்சி உண்டு எனக் கொண்டு, அதிலிருந்து துளி உருண்டையாவதையும், நீர் குழாயில் ஏறுவதையும், இரசம் தாழ்வதையும் கணக்கிட்டுக் காட்டினர். யங் அக்கவர்ச்சி எட்டும் தூரத்தையும் மதிப்பிட்டார்: அங்குலத்தின் 25 கோடியில் ஒரு பங்கு! அணுவைக் கண்டார் எவருமில்லாத காலத்தில், இன்று நாம் அறிந்த மூலக்கூற்று அளவையோடு ஒப்புநோக்கத்தக்க எண்ணை அவர் கூறியது வியக்கற்பாலது.

இங்கே வரலாறு திரவத்தை விட்டு வாயுவின் பக்கம் திரும்புகின்றது. ஏனெனில், மூலக்கூறுகள் ஒன்றையொன்று கவர்வது மெய்யாயின், அவற்றை நெருக்கியும் குளிர்வித்தும் எவ்வாயுவையும் திரவமாக்கல் கூடும் அன்றோ? மைக்கேல் பரடே 1823இல் குளோரீன் வாயுவைத் திரவமாக்கினார். பின்னர் வேறு பல வாயுக்களையும் வென்றார். ஆயின் 1845 அளவில் ஒட்சிசன், நைதரசன், ஐதரசன் முதலிய ஆறு வாயுக்கள் எவ்வமுக்கத்துக்கும் பணியாது நின்றன. அவற்றுக்கு நிலைத்த வாயுக்கள் என்றே பெயரிட்டனர்.

இப்புதிருக்கு வழிதிறந்தவர் அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் ஆசிரியராயிருந்த தோமஸ் அன்றூஸ் ஆவார். காபனீரொட்சைட்டு வாயுவை ஏறத்தாழ 31 பாகை செல்சியசுக்குக் கீழே வைத்து அமுக்கினால் அது திரவமாகின்றது. அவ்வெல்லைக்கு மேலே எத்துணை அமுக்கினும் திரவமாவதில்லை என்பதை அவர் 1869இல் அறிவித்தார். இதுவே அவதி வெப்பநிலை எனப்படும். சோடா நீர் செய்வோர் வைத்திருக்கும் இரும்புக் கலத்தினுள்ளே இவ்வாயு திரவமாகவே அடைபட்டிருக்கும். ஆயின் கொழும்பிலே பங்குனி மாதத்து நண்பகல் வெயிலிற் கலம் 31 பாகையைக் கடந்து சூடேறிற்றாயின், அதனுள் இருப்பது திரவமென்றும் சொல்ல இயலாது, வாயுவென்றும் சொல்ல இயலாது. இரண்டையும் பிரித்த எல்லைக்கோடு அங்கே அழிந்துவிடுகின்றது.

இவ்வுண்மைக்குப் பொருள் கண்டவர், நம் நாட்டுக் கரையோரத்தை ஒருகாலத்தில் ஆண்ட ஒல்லாந்தரின் தேசத்திலே தோன்றிய ஒரு பள்ளி ஆசிரியர். யொகான்னஸ் வந்தர் வால்ஸ் என்பது அவர் பெயர். 1837இல் லெய்டன் நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். உடன்பிறந்தார் பலர், வீட்டிலே வசதி குறைவு. ஆரம்பப் பள்ளி ஆசிரியராகத் தொழிலேற்று, ஓய்வு நேரத்திலே கணிதமும் பௌதிகமும் கற்றார். பல்கலைக்கழகப் பட்டத் தேர்வு எழுத இலத்தீனும் கிரேக்கமும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது அக்காலச் சட்டம். அவர் அவற்றைக் கற்றாரல்லர். ஆதலின், விரிவுரைகளைக் கேட்க இயன்றதேயன்றித் தேர்வின் வாயில் அவருக்கு அடைபட்டிருந்தது. பின்னர் அவ்விதி தளர்ந்தபொழுது அவருக்கு முப்பது வயது கடந்துவிட்டது. 1873ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், தம் 35ஆம் வயதிலே, வாயுநிலையும் திரவநிலையும் தொடர்ச்சியானவை என்னும் பொருள்பற்றி எழுதிய ஆய்வுரைக்காகக் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அவ்வாய்வுரையின் கருத்தைச் சுருக்கமாகக் கூறுவேன். வாயுவின் அமுக்கத்தையும் கனவளவையும் தொடர்புபடுத்தும் பழைய விதி, மூலக்கூறுகளை இடமே கொள்ளாத புள்ளிகள் போலவும், ஒன்றையொன்று அறியாத அந்நியர் போலவும் கருதிற்று. வந்தர் வால்ஸ் இரண்டு திருத்தங்கள் செய்தார். மூலக்கூறுகளுக்கு உருவம் உண்டு. ஆகவே அவை உலவுவதற்குரிய இடம் அவ்வளவுக்குக் குறையும் என்பது ஒன்று. அவை ஒன்றையொன்று கவர்கின்றன. ஆகவே கலத்தின் சுவரை மோதும் வேகம் தணிந்து அமுக்கம் குறையும் என்பது மற்றொன்று. இக்கவர்ச்சியின் அளவை அறியும் ஆசை அவருக்கு வந்தது எங்கிருந்து? நீர் ஏறும் குழாயைப் பற்றிய லாப்பிளாசின் கணக்கிலிருந்தே. இவ்விரு சிறு திருத்தங்களையும் சேர்த்த சமன்பாட்டிலிருந்து அவதி வெப்பநிலை தானாகவே வெளிவந்தது. அது அன்றூஸ் அளந்து கண்டதற்கு மிக அண்மையில் நின்றது. வாயுவும் திரவமும் வெவ்வேறு பொருள்களல்ல. ஒரே மூலக்கூறுகள், ஒரே கவர்ச்சி. நெருக்கமே வேறு என்பது தெளிவாயிற்று.

ஆய்வுரை ஒல்லாந்த மொழியில் இருந்தது. மின்னையும் காந்தத்தையும் ஒரே விசையாக இணைத்த பேரறிஞர் மக்சுவெல் அதனைப் படித்து, அடுத்த ஆண்டே ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் மதிப்புரை எழுதினார். கணக்கிற் சில குறைகளைச் சுட்டினாராயினும், இவ்வாய்வு பலரை ஒல்லாந்த மொழி கற்கத் தூண்டியுள்ளது எனப் பாராட்டவும் செய்தார். தாய்மொழியில் எழுதினால் உலகம் அறியாது என்பார்க்கு இது நல்ல விடை.

இங்கே ஒன்றை உள்ளத்திற் கொள்ளல் வேண்டும். அக்காலத்தில் மூலக்கூறுகள் உண்டு என்பதே நிலைபெற்ற உண்மையன்று. அவை கணக்குக்கு உதவும் கற்பனைகளேயன்றி மெய்ப்பொருள்களல்ல என்று கூறிய பெரியோர் பலர். பாரிசிலே பெரேன் செய்த சோதனைகளால் அவ்வையம் தீர்ந்தது 1908ஆம் ஆண்டை அடுத்தேயாகும். அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் முன்னரே, மூலக்கூறுகள் மெய்யே என்ற உறுதியில் தம் வாழ்வின் உழைப்பு முழுவதையும் வைத்தவர் வந்தர் வால்ஸ். அவ்வுறுதி பொய்த்திருப்பின் அவர் கட்டிய மாளிகை முழுவதும் மணல்மேல் நின்றதாகியிருக்கும்.

1880இல் அவர் எல்லா வாயுக்களுக்கும் பொதுவானதொரு விதியைக் கண்டார். ஒரு வாயுவின் இயல்பை அறிந்தால், மற்றொரு வாயு எவ்வெப்பநிலையில் திரவமாகும் என முன்கூட்டியே மதிப்பிட அது உதவிற்று. அடுத்த ஆண்டிலே அவர் மனைவியார் இளவயதிற் காசநோயால் மறைந்தார். துயரால் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் ஒன்றும் வெளியிடவில்லை. ஆயின் அவர் கண்ட விதி மற்றையோர் கையில் வேலை செய்தது. இலண்டனிலே டீவார் 1898இல் ஐதரசனைத் திரவமாக்கினார். வந்தர் வால்ஸ் பிறந்த அதே லெய்டன் நகரிலே, அவர் நண்பர் காமர்லிங் ஒன்னஸ் 1908ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், எஞ்சி நின்ற ஈலியத்தையும் ஏறத்தாழப் பூச்சியத்தின் கீழ் 269 பாகையிலே திரவமாக்கினார். நிலைத்த வாயு என ஒன்று உலகில் இல்லையாயிற்று. 1910இல் வந்தர் வால்ஸ் நோபல் பரிசு பெற்றார்.

அளவு கிடைத்தது, பயனும் கிடைத்தது. காரணம் யாது? அது இன்னும் கிடைக்கவில்லை. நீர் போன்ற சில மூலக்கூறுகளில் ஒருபுறம் நேர்மின்னும் மறுபுறம் எதிர்மின்னும் சற்றே மிகுந்திருக்கும். அத்தகையவை ஒன்றையொன்று மின்விசையாற் கவர்வதைக் கீசம் என்பாரும் டிபை என்பாரும் 1912 முதலாகப் பத்தாண்டுக் காலத்தில் விளக்கினர். ஆயின் ஈலியத்தின் அணுவோ எப்புறமும் ஒத்த உருண்டை. அதில் நேர்மின்னும் எதிர்மின்னும் சரிக்குச் சரி. மின்விசை வெளியே எட்டிப் பார்க்க இடமேயில்லை. ஆயினும் அது திரவமாகின்றதே! எது அதனை இழுக்கின்றது?

விடை 1930இல் வந்தது. தந்தவர் பிரிற்ஸ் லண்டன் என்னும் ஜெர்மானிய யூத இளைஞர். உடனுழைத்தவர் றொபேட் ஐசன்சிற்ஸ். அப்பொழுது புதிதாய் எழுந்திருந்த குவாண்டம் இயலின்படி அணுவிலுள்ள இலத்திரன்கள் ஓரிடத்தில் அசையாது இருப்பனவல்ல. முற்றாகக் குளிர்ந்த நிலையிலும் அவற்றின் அலைவு ஓய்வதில்லை. நெடுநேரச் சராசரியிலே அணு ஒத்த உருண்டை. ஆயின் கணத்துக்குக் கணம் மின் ஒருபுறம் சாய்கின்றது. அச்சாய்வு அடுத்த அணுவின் இலத்திரன்களையும் ஒத்துச் சாயச் செய்கின்றது. தளர்ந்த ஒரே கயிற்றிலே கட்டிய இரண்டு ஊஞ்சல்கள் ஒன்றன் அசைவை மற்றொன்று உணர்ந்து ஆடுவது போன்றது இது. இவ்வொத்த அலைவின் பயனாக எஞ்சி நிற்பது ஒரு சிறு கவர்ச்சி. தூரம் இரட்டித்தால் அவ்விசை 128இல் ஒரு பங்காகக் குறையும் என்பதையும் கணக்குக் காட்டிற்று. ஹோக்ஸ்பியின் தடித்த குழாயும் மெல்லிய குழாயும் ஏன் வேறுபடவில்லை என்பது அப்பொழுதே முற்றாக விளங்கிற்று.

ஆகவே, திரியில் எண்ணெயை ஏற்றுவது ஐந்தாவது விசையன்று, மின்காந்த விசையே. நேரும் எதிரும் ஒன்றையொன்று அழித்தபின்னும் அழியாது எஞ்சிய மிச்சமே மூலக்கூற்றுக் கவர்ச்சி. அம்மிச்சமும் ஒரே தன்மைத்தன்று. மெதேன் மூலக்கூறும் நீர் மூலக்கூறும் ஏறத்தாழ ஒரே நிறையின. மெதேன் பூச்சியத்தின் கீழ் 161 பாகையிலே கொதித்துவிடுகின்றது. நீரோ 100 பாகையிலேதான் கொதிக்கின்றது. நீரின் ஐதரசன் அணு அடுத்த மூலக்கூற்றின் ஒட்சிசனை மின்னாற் பற்றிக்கொள்வதே காரணம். ஐதரசன் பிணைப்பு எனப்படும் இதுவும் இல்லையாயின் கடலுமில்லை, மழையுமில்லை, நாமுமில்லை.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1933இல் நாசி ஆட்சியினர் யூதரைப் பதவிகளிலிருந்து நீக்கினர். லண்டன் பெர்லினை விட்டு ஒக்ஸ்போட்டுக்கும், பின்னர் பாரிசுக்கும், 1939இல் அமெரிக்காவுக்கும் சென்றார். துகளும் துகளும் எவ்வாறு ஒட்டி நிற்கின்றன என்று உலகுக்குச் சொன்னவரைத் தம்மோடு ஒட்டி வாழவிடாது துரத்திய நாடு அதனால் இழந்தது சிறிதன்று.

இம்மிச்சம் என்னும் கருத்து பின்னாளில் வேறோரிடத்திலும் உதவிற்று. அணுக்கருவில் புரோத்தன்களையும் நியூத்திரன்களையும் பிணைக்கும் விசையை 1935இல் யப்பானிய அறிஞர் யுகாவா ஆராய்ந்தார். அப்புரோத்தன்களும் நியூத்திரன்களும் குவார்க்கு என்னும் மேலும் சிறிய துகள்களாலானவை என்ற கருத்து 1964இல் எழுந்து, பின்னர் சோதனையால் உறுதிப்பட்டது. வன்விசையின் மெய்யான இருப்பிடம் குவார்க்குகளிடையே; கருவைப் பிணைப்பது அதன் மிச்சமே. செயற்படும் முறை வேறாயினும், இரு மூலக்கூறுகளின் கவர்ச்சிக்கு இதனை ஒப்பிடுவர் பௌதிக நூலார்.

இனி, நாம் ஏற்றிய விளக்கினருகே திரும்புவோம். அவ்வொளிக்கு வரும் பூச்சியை நாடிச் சுவரிலே பல்லி ஒன்று வந்து நிற்கின்றது. அதன் பாதத்திற் பசையில்லை; கண்ணுக்குப் புலனாகாத நுண்மயிர்கள் நிறைந்துள்ளன. பல்லியினத்தைச் சேர்ந்த பெரிய வகையொன்றை அமெரிக்க ஆய்வாளர் 2000ஆம், 2002ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்து, அம்மயிர்களின் நுனிகள் சுவரை மிக நெருங்கும்பொழுது எழும் வந்தர் வால்ஸ் கவர்ச்சியே அதனைத் தாங்குகின்றது என்று காட்டினர். எண்ணெயை ஏற்றுவதும் பல்லியைத் தாங்குவதும் ஓரினத்துக் கவர்ச்சியே.

காரணம் அறியாதபோதும் அளவை விடாது தேடினார் ஆசிரியர் ஒருவர். தாம் கண்டது பிழையென அறிந்ததும் அதனை மறைக்காது மீட்டுக்கொண்டார் மற்றொருவர். நாடிழந்தும் ஆய்வை இழவாதார் இன்னொருவர். விளக்கின் திரியைத் தூண்டும்பொழுது இவர்களையும் ஒருகணம் நினைப்போமாக.